மருமவ மூஞ்சி மங்கு

ஜன்னல ஏன் தாயி சாத்துத? வெயிலா? சாத்து, சாத்து. பஸ் ஏறுனதுலருந்து ஒன்னயத்தான் பாத்துட்டு வாறேன், கண்ணு மட்டும் தெரியற மாதிரி சுத்திக் கட்டியிருக்க, களவாங்க வந்தவ மாதிரி. கோவிச்சுக்காத. எம் மருமவளும் இப்பிடித்தான் கட்டுவா. எனக்குக் கொமட்டிக்கிட்டு வரும். துணியப் பாத்து இல்ல. துணிக்கு உள்ள பூசியிருப்பா பாரு ஒண்ணு, பல்லி வயிறு நெறத்துல, அதப் பாத்து.

அவளக் கூட்டியாறதுக்குத்தான் போறேன். ஆத்தூருக்கு. நீ திருச்செந்தூரா? சரி, அப்பம் எனக்குத் தொணைக்கு ஆளாச்சு. பதினெட்டு நாளாச்சு தாயி, அவ கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயி. பேத்தியையும் தூக்கிட்டுப் போயிட்டா. எதுக்குப் போனாங்கியா? ஒரு களிம்புக்கு. ஆமா, மூஞ்சில பூசுற களிம்புக்கு. எங்க மாமியா என்னய ஒலக்கையால அடிச்சிருக்கா, நான் போனனா? அம்மா வீடுன்னு ஒண்ணு இருந்தாத்தான போறதுக்கு, அது வேற கத.

எங்களுக்கு உப்பளத்துல சோலி. முத்தையாபுரத்துக்குக் கிழக்க. முப்பத்தாறு வருசம் உப்பு வாரியிருக்கேன், சுமந்திருக்கேன். எங்காலக் காட்டுவேன், வேண்டாம், நீ சாப்பிட்டுட்டு வந்திருப்ப. மூஞ்சியப் பாரு. மங்கு இருக்கா? இருக்காது. நான் கருப்பு. கருப்புல மங்கு விழுந்தா எவன் கண்டான்? அவ ஆத்தூரு வெத்தலக் கொடிக்கால்ல வளந்தவ. கொடிக்காலுக்குள்ள நட்ட நடுப்பகல்லயும் வெயிலு எட்டிப் பாக்காது. அவ அப்பன் அங்கதான் வெத்தல கிள்ளுதாரு. பொண்ணு பாக்கப் போனப்ப அங்கருந்துதான் கூப்புட்டு நிறுத்துனாவ. உள்ள இருந்து வாறா, வாழத்தண்டு மாதிரி. சந்தனமாரின்னு பேரு. பேருக்கேத்த நெறம்னு நாந்தான் சொன்னேன். எம்மவன் பொன்ராசு ஒண்ணும் சொல்லல. அவன் எப்பவும் ஒண்ணும் சொல்ல மாட்டான்.

இங்க வந்து ரெண்டு வருசம் நல்லாத்தான் இருந்தா. பேத்தி வயித்துல இருக்கும்போதுதான் ரெண்டு கன்னத்துலயும் பொகை படிஞ்ச மாதிரி லேசா விழுந்துச்சு. பெத்தா போயிரும்னேன். பெத்தா. போவல. பிள்ளைக்குப் பல்லு மொளைக்க முன்ன உப்புக்கு வந்துட்டா. ஒனக்கு உப்பளத்து வெயிலு தெரியுமா? மத்த எடத்துல வெயிலு மேல இருந்துதான் அடிக்கும். எங்களுக்குக் கீழ இருந்தும் அடிக்கும். பாத்தில உப்பு பூத்துக் கெடக்கும்போது குனிஞ்சு நின்னேன்னு வையி, ஆரோ கண்ணாடியத் திருப்பி மூஞ்சில அடிக்குத மாதிரி இருக்கும். தலைல துண்டு போட்டு என்ன செய்ய? மூஞ்சி பாத்தியப் பாத்துல்லா இருக்கு.

மங்கு ஏறிட்டுது. கன்னத்துல ரெண்டு பக்கமும் காப்பிக் கறை. நெத்தியில ஒரு பட்டை. மேல் உதட்டுக்கு மேல ஒரு கோடு. அந்தக் கோடுதான் தாயி எங்குடியக் கெடுத்துது. பேத்திக்கு ஆவணியில காது குத்துனோம். எங்க நாத்தனா மருமவ சொர்ணம்னு ஒருத்தி, வாய்க்குப் பூட்டே கெடையாது, பந்தியில இலை போட்டு ஒக்காந்துக்கிட்டு, அம்புட்டு சனமும் கேக்க, "என்ன பெரியம்ம, உங்க மருமவளுக்கு மீசை அரும்புது? தாய்மாமனுக்குப் பதிலா அவளயே மடியில வச்சுக் காது குத்தச் சொல்லலாம் போல"ன்னா. பந்தியே சிரிச்சுது. எனக்கு ஒடம்பெல்லாம் கூசிட்டு. சோத்த எறக்கி வச்சிட்டுப் போயிட்டேன். மாரி என்ன செஞ்சா தெரியுமா? சொர்ணத்துக்கு அப்பளம் வச்சா. மானங்கெட்டவ.

அதுக்குப் பொறவு எல்லாம் செஞ்சு பாத்தோம். மஞ்சப் பூசச் சொன்னேன். தயிரு பூசச் சொன்னேன். எங்க தெருவுல லிங்கம்மான்னு ஒருத்தி இருக்கா, அவளும் மங்கு கண்டவதான், அவ எலுமிச்சம்பழத்த அறுத்து மூஞ்சில தேச்சுக்கிட்டு அப்பிடியே உப்புக்கு வந்துட்டா. மத்தியானத்துக்குள்ள மூஞ்சி கொப்புளிச்சு, சட்டியில ஒட்டுன தோச மாதிரி உரிஞ்சு... ஆறுன பொறவு பாத்தா முன்னாடி இருந்ததவிட மூணு மடங்கு கருப்பு. அவ புருசன் வேற, ராத்திரி வெளக்கு போடாதன்னு சொல்லுவானாம். சவத்துப்பய. அவன் மூஞ்சியப் பாத்திருக்கணும் நீ. சரி, அது எதுக்கு. எலுமிச்ச வேண்டாம்னு நானே சொல்லிட்டேன். நான் ஒண்ணும் வெவரம் இல்லாதவ இல்ல.

நான் குடுத்தது மருந்து. மெடிக்கல்ல விக்குதது. எனக்கு இடுப்புல படை வந்துது தாயி, சேல கட்டுத எடத்துல, வட்ட வட்டமா. மெடிக்கல் தம்பிட்டக் கேட்டேன், ஒரு டியூப் குடுத்தான். பத்து நாள்ல படை போச்சு. போனது மட்டுமில்ல, அந்த எடம் மட்டும் வெள்ளையா, பிள்ளத் தோலு மாதிரி ஆயிட்டு. பாத்தேன். இடுப்ப வெளுக்க வைக்குத மருந்து மூஞ்சிய வெளுக்க வைக்காதா? ஒனக்கே தோணுமா தோணாதா? நீ என்ன தலையாட்டுத, இல்லங்கியா ஆமாங்கியா?

ராத்திரி படுக்கும்போது போடுன்னேன். "அத்த, இது படைக்குள்ளது"ன்னா. "எனக்குப் போட்டுப் பாத்துட்டுத்தான சொல்லுதேன்"ன்னேன். போட்டா. பதினஞ்சு நாளு. பொன்ராசு லோடு எறக்கிட்டு வந்தவன் வாசல்லயே நின்னுட்டான். அவன் உப்பு லாரி ஓட்டுதான், மாசத்துல பத்து நாளுதான் வீட்டுல. மங்கும் இல்ல, மீசையும் இல்ல, தக்காளி மாதிரி மூஞ்சி. சொர்ணத்துக்குக் காட்டணும்னே ஒரு கலியாணத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். அப்பம் மழக்காலம், உப்பளத்துல சோலி கெடையாது, எல்லாவளும் வீட்டுல கெடக்காளுவ. ஒவ்வொருத்தியா வந்து கேட்டா. நாலு பேருக்கு நானே டியூப் வாங்கிக் குடுத்தேன். இப்ப அதுல ஒருத்தி என்னயக் கண்டா வேற வரப்புல எறங்கிப் போறா. நன்றி கெட்ட நாயி.

தை பொறந்துது. உப்புக்குப் போனா. போன ரெண்டாம் நாளே மூஞ்சி எரியுதுங்கா. மொளகாய அரைச்சுத் தேச்ச மாதிரி இருக்குங்கா. பாத்தா, செவசெவன்னு. கன்னத்துல செவப்பு நூலு ஓடுன மாதிரி நரம்பு. கொட்டை கொட்டையாப் பரு. தாடையில பூனை முடி. அருவருப்பாத்தான் இருந்துது, சொல்லப்படாது. அந்த எரிச்சல்லயும் மருந்தப் போட்டா அடங்கும், போடாட்டா கெளம்பும். அப்பம் மருந்து நல்ல மருந்தா இல்லையா? நீயே சொல்லு.

நர்சு ஒருத்தி சொல்லி பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். தோலுக்குன்னு ஒரு டாக்டரம்மா. சின்னப் பொண்ணு, ஒன் வயசு இருக்கும். டியூப எடுத்துப் பாத்தா. "இத யாரும்மா மூஞ்சில போடச் சொன்னது?"ன்னா. நான் சுவத்தப் பாத்தேன். மாரி, "நாந்தான் டாக்டர், தெரியாமப் போட்டுட்டேன்"ன்னா. நான் சொல்லச் சொல்லல. அவளாத்தான் சொன்னா. டாக்டரம்மா டியூபத் தூக்கிக் குப்பையில போட்டா. முக்காவாசி இருந்துது தாயி! "இதுல ஸ்டீராய்டு இருக்கு, படைக்கே யோசிச்சுத்தான் போடணும், தோலு நூலாப் போயிருக்கு. இன்னையோட நிறுத்து. நிறுத்துனா மொதல்ல கூடத்தான் செய்யும். பயந்துட்டுத் திரும்பப் போட்டுராத, கொஞ்ச நாள்ல தணியும்"ன்னா.

ஒரு லோஷன் குடுத்தா. வெயிலுக்குன்னு. வேலைக்கு எறங்கக் கால் மணி நேரத்துக்கு முன்ன அள்ளிப் பூசணுமாம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க வேர்வைய ஒத்தி எடுத்துட்டு மறுபடி பூசணுமாம். அகலத் தொப்பி போடணும், துணி கட்டணும், கீழருந்து உப்பு அடிக்குதுன்னா கண்ணு வரைக்கும் கட்டணும். எலுமிச்ச ஆவாது, மஞ்சத் தேச்சு ஒரசப்படாது, பார்லர்ல போயி ப்ளீச்சு பண்ணப்படாது. "அப்பம் மங்கு போயிருமா டாக்டர்?"ன்னு இவ கேக்கா. "மெதுவா மங்கும்மா. மாசக்கணக்காகும். வெயில்ல சும்மா நின்னேன்னா திரும்ப வரும்"னா. திரும்ப வருமாம்! அதச் சொல்ல ஒரு டாக்டரு, அதுக்கு ஒரு படிப்பு.

பொறவு எங்க வீட்டுல நடந்த கூத்தச் சொல்லணும். விடியக் காலைல எந்திரிச்சு இவ மூஞ்சிக்கு வெள்ளையடிக்கா. எங்க வீட்டு மதிலுகூட அப்பிடி இருக்காது. உப்பளத்துல ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க உப்பு சுமக்குத பெட்டிய எறக்கி வச்சிட்டுப் பூசுதா. "கலெக்டரம்மா மேக்கப்புக்குப் போறாவ, வழி விடுங்கட்டி"ன்னு அவளுவ சிரிக்காளுவ. கஞ்சி குடிக்கும்போது வேர்வையோட அந்தப் பாலு ஒழுகி, தாடையில நின்னு, தூக்குச் சட்டிக்குள்ள சொட்டுச்சு. கண்ணால பாத்தேன். அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல.

மருந்த நிறுத்துன பத்தாம் நாளு மூஞ்சி வீங்கிட்டுது. செவந்து, தண்ணி கசிஞ்சு, செதிலு செதிலா. கண்ணு சுருங்கிப் போச்சு. பேத்தி பக்கத்துல போவ மாட்டேங்கு. "கூடும்னு டாக்டர் சொன்னாங்கல்லா அத்த, தணியும்"னுட்டு ஈரத்துணிய வச்சிட்டுப் படுத்திருக்கா. ராவும் பகலும் அனத்துதா. என்னால பாக்க முடியல. சொல்லு, நீயா இருந்தா பாத்துட்டு இருப்பியா? மெடிக்கலுக்குப் போனேன். புது டியூப் வாங்குனேன். அவட்ட நேராக் குடுத்தா வாங்க மாட்டா, டாக்டரு அவளுக்குத் தெய்வமாயிட்டா. லோஷன் பாட்டிலு மூடியத் தெறந்தேன். டியூப உள்ள பிதுக்குனேன். ஈர்க்குச்சிய வச்சு ஒரு கலக்கு. ரெண்டும் வெள்ளதான். ஆருக்குத் தெரியும்?

நாலே நாளு. எல்லாம் அமுங்கிட்டுது.

அப்பம் வயித்தெரிச்சலக் கேளு. ஊரே டாக்டரம்மாவப் புகழுது. "கைராசிக்காரி"ங்காளுவ. எம்மவன் போன்ல, "நல்ல டாக்டரு கெடச்சாவ அம்மா"ங்கான். கலக்குனது நானு, பேரு அவளுக்கு! வாயத் தெறந்து சொல்லவும் முடியாது. பாட்டிலு மாத்தி மாத்தி, மாசி, பங்குனி, சித்திர, வைகாசின்னு நாலு மாசம் கலக்கிப் போட்டேன் தாயி. ஒரு நாளு மறந்ததில்ல. பெத்த தாயி செய்வாளா இத?

வைகாசில டாக்டரம்மா ஒரு லைட்ட வச்சு மூஞ்சியப் பாத்தா. அவ மொகமே மாறிட்டு. "ஏம்மா, பழைய களிம்பப் போடுதியா?"ன்னா. "இல்ல டாக்டர்"ன்னா இவ. "நரம்பெல்லாம் கூடியிருக்கு. தோலு இன்னும் மெலிஞ்சிருக்கு. பொய் சொன்னா ஒனக்குத்தான் நஷ்டம்." "சத்தியமா இல்ல டாக்டர்." "பின்ன இது தானா வருமா? எங்கிட்ட உண்மையச் சொல்லாட்டா நான் எப்பிடி வைத்தியம் பாக்க?" இவ அழுதா. எம்மவனும் அன்னைக்கு வந்திருந்தான். எப்பவும் பேசாதவன், அன்னைக்குப் பாத்து வாயத் தெறந்தான். "போட்டா போட்டேன்னு சொல்லித் தொலையேன்ட்டி, இத்தன பேரு முன்னாடி என்னத்துக்குப் பொய்யி"ன்னான்.

நானா? நான் பக்கத்துலதான் இருந்தேன். பெஞ்சில. என்னத்தச் சொல்ல? அந்த நேரத்துல என்னத்தச் சொல்லச் சொல்லுத? பேத்திக்கு மூக்கச் சிந்தி விட்டுட்டு இருந்தேன்.

வீட்டுக்கு வந்த பொறவு எம்மவன் அவகூடச் சரியாப் பேசல. "பொய் சொல்லி"ன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு லோடுக்குப் போயிட்டான். அவ லோஷன எடுத்து வச்சு வச்சுப் பாக்கா. மோந்து பாக்கா. கையில பூசிப் பாக்கா. கணக்கா மணி பாத்துப் பூசுதா. அப்பமாவது நான் நிறுத்தியிருக்கலாம்ங்கியா? நிறுத்துனா மூஞ்சி திரும்ப வீங்குமே! அத ஆரு பாக்குதது?

பதினெட்டு நாளைக்கு முன்ன, அடுப்படியில ஒக்காந்து ஈர்க்குச்சியால கலக்கிட்டு இருக்கேன். பின்னால நிக்கா. எம்புட்டு நேரமா நின்னான்னு தெரியல. சத்தம் போடுவான்னு பாத்தேன். போட்டிருந்தா நானும் போட்டிருப்பேன், முடிஞ்சிருக்கும். அவ சத்தம் போடல. பாட்டில வாங்கிப் பாத்தா. டியூப வாங்கிப் பாத்தா. "அத்த, நாலு மாசமா நான் என்னையே சந்தேகப்பட்டேன். தூக்கத்துல எந்திரிச்சுப் போட்டிருப்பனோன்னுகூட நெனைச்சேன்"ன்னா. அம்புட்டுத்தான். பிள்ளையத் தூக்கிட்டு ஆறு மணி பஸ்ஸுக்குப் போயிட்டா.

எம்மவன் போன்ல கேட்டான், ஏன் போனான்னு. நான், "தெரியலய்யா, கோட்டி புடிச்சிருக்கு"ன்னேன். பின்ன என்ன சொல்ல?

நேத்து நானே போன் போட்டேன். வெக்கத்த விட்டுட்டு. "வாட்டி, வீடு வீடாவே இல்ல"ன்னேன். அவ கொடிக்கால்ல அவ அப்பன்கூட வெத்தல கிள்ளப் போறாளாம். நெழல்ல சோலி. மூஞ்சி ஆறிட்டு வருதாம். டாக்டரு சொன்ன மாதிரியே மொதல்ல வீங்கி, பொறவு தணிஞ்சுதாம். குத்திக் காட்டுதா பாத்தியா. "வாறேன் அத்த. உப்புக்கும் வாறேன், துணி கட்டிக்கிட்டு. நீங்க ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. உங்க மவன்ட்ட, கலந்தது நாந்தான், அவ பொய் சொல்லலன்னு உங்க வாயால சொல்லுங்க. எங்கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம்"ங்கா. "நாளைக்குப் பத்து மணிக்கு வாறேன், வந்து பேசுவோம்"னு வச்சிட்டேன்.

சொல்லுவேனா? மவன்ட்ட? அவன் என்னயப் பத்தி என்ன நெனைப்பான்? நல்லதுக்குச் செஞ்சத, ஏதோ வெசம் வச்ச மாதிரி ஒத்துக்கணுமாம். நாளைக்குச் சொர்ணம் காதுக்குப் போவும். உப்பளத்துல எங்கிட்ட டியூப் வாங்குன அந்த நாலு பேரும் கை தட்டிச் சிரிப்பாளுவ. எனக்கு அந்த வார்த்த வரவே மாட்டேங்கு தாயி.

என்ன? இப்பம் உங்கிட்டச் சொல்லிட்டனா?

உங்கிட்டச் சொல்லுதது வேற. நீ ஆரோ எவரோ. திருச்செந்தூர்ல எறங்கிப் போயிருவ.

எதுக்குப் போனக் கேக்க? நம்பரா? பொன்ராசுன்னு லாரி படம் போட்டிருக்கும் பாரு, எனக்குக் கிட்டத்துல கண்ணு தெரியல. அட, போட்டுட்டியா? இங்கன குடு. எவ்வளவு துணிச்சல் ஒனக்கு. எய்யா! ஆமாய்யா, அம்மாதான். சாப்பிட்டியாய்யா? ... என்னது, பரோட்டாவா? இந்த வெயில்ல பரோட்டாவத் தின்னா வயிறு என்னத்துக்கு ஆவும்? ... ஒண்ணுமில்லய்யா. பஸ்ஸுல போறேன். ஆத்தூருக்கு. ... சும்மாதான் போட்டேன். இந்தப் பஸ்ஸுல ஒரு பொண்ணு, அவதான்...

கண்டக்டரு என்னமோ கத்துதான். ஆத்தூரா? அதுக்குள்ளயா? இந்தப் பஸ்ஸு இங்கன நிக்குமா நிக்காதான்னு வேற தெரியலயே. அந்தா... அது ஆரு ரோட்டுல, கையக் காட்டிக்கிட்டு? எய்யா இரு, போன வைக்காத. எம்மா, மாரில்லா அது! பஸ்ஸ நிறுத்தக் கை காட்டிக்கிட்டு நிக்கா. துணியும் கட்டல, தொப்பியும் இல்ல, இந்தக் கொள்ளி வெயில்ல, அந்தப் பச்ச மூஞ்சிய வச்சிக்கிட்டு! அங்கன அம்மாம்பெரிய வேப்பமரம் நிக்குதே, அதுக்கடியில நின்னா பஸ்ஸு தெரியாதாம்மா ஒனக்கு? அறிவு கெட்ட மூதி! எம்புட்டு நேரமா நிக்காளோ, நான் பத்து மணிக்கு வாறேன்னுல்லா சொன்னேன், இப்பம் மணி பதினொண்ணு!

ஏல பொன்ராசு. கேளு. அந்த லோஷன்ல கலந்தது நாந்தான். ஆமா, நான். அவளுக்குத் தெரியாது. அவ பொய் சொல்லல, டாக்டருட்டயும் சொல்லல, உங்கிட்டயும் சொல்லல. நாலு மாசம் நாந்தான் கலந்தேன். நல்லதுக்குத்தான் கலந்தேன், ஆனா நாந்தான் கலந்தேன். வையி போன.

என்ன சொன்னானா? ஆருக்குத் தெரியும், கட் பண்ணிட்டேன். அந்தப் பையி இப்பிடித் தள்ளு தாயி. காலு மரத்துப் போச்சு. யோவ் கண்டக்டரு, நிறுத்துய்யா, அங்க பிள்ள வெயில்ல நிக்குது கண்ணு தெரியலயா!